முகாமுக்கு ஓர் அக்கா

கேள்வி: எங்கள் சபையில் மே மாதம் பெண்பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம். உடன் தங்கிப் பார்த்துக்கொள்ள என்னை அழைக்கிறார்கள். எனக்கு வேதபாடம் நடத்தத் தெரியாது. போகலாமா? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: தாராளமாகப் போங்கள், சகோதரி. பாடம் நடத்த ஆள் கிடைத்துவிடும். நடுராத்திரியில் வயிற்றுவலி என்று எழும் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கத்தான் ஆள் குறைவு. 1542-இல் உங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த மிஷனரி சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். ஆனால் அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். அவர் போனபின் ஜெபங்களை விடாமல் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தந்த ஊரிலேயே இருந்த கணக்கப்பிள்ளைமார் என்ற உபதேசியார்கள். உங்கள் வேலையும் அப்படி உடனிருப்பதுதான்.

முதல் நாளே குளியலறைத் தாழ்ப்பாள்களையும் இரவு விளக்குகளையும் பாருங்கள். நாப்கின் கையிருப்பு இருக்கட்டும். அங்கேயே வயதுக்கு வரும் பிள்ளையும் இருக்கலாம், அவள் பயப்படாமல் வந்து சொல்லும்படி முன்பே பேசிவையுங்கள். கடலோரப் பிள்ளைகள்தானே என்று குளிக்கக் கடலில் இறக்கிவிடாதீர்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்க வேண்டாம். போதகரானாலும் சரி, நீங்களானாலும் சரி.

யாராவது தப்பாக நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், சபையின் பெயர் கெடும் என்று மூடிவைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பது குற்றம். போலீசில் சொல்லியே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

சம்மதிக்குமுன் ஒன்று கேளுங்கள்: இரவில் எத்தனை பெண்கள் தங்குகிறார்கள்? நீங்கள் ஒருவர்தான் என்றால், இன்னொருவரையும் சேர்த்தால்தான் வருவேன் என்று சொல்லிவிடுங்கள்.