நவம்பரில் கொடுக்கும் வாக்கு

களமசேரி

அன்பு மகளுக்கு,

கப்பல் வடிவமைப்புதான் படிப்பேன் என்று உறுதியாக எழுதியிருக்கிறாய். சித்தப்பாவுக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ‘எர்லி டெசிஷன்’ முறையில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதே சித்தப்பாவின் பதில். மிச்சிகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒப்பந்தம்தான் வேண்டாம்.

இந்த முறையில் ஒரு மாணவர் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் வாக்குக் கொடுக்கலாம். பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள், டிசம்பரில் முடிவு. மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் என மூவரும் கையெழுத்திடுவார்கள். இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்று அங்கேயே சேர வேண்டும். கல்லூரி தரும் நிதியுதவி போதவில்லை என்றால் மட்டும் விலகிக்கொள்ளலாம்.

இதில் லாபம் இல்லாமல் இல்லை. ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹவுசர் ஆகிய மூவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு நூல், முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்ஏடி தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றதற்குச் சமம் என்று கணக்கிட்டது. ஆனால் கல்லூரிகள் வெளியிடும் முன்சேர்க்கை விகிதத்தில் விளையாட்டுக்காகத் தேர்வானவர்களும் சேர்ந்தே இருப்பார்கள். அந்த எண்ணை அப்படியே உன் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பணம் இருக்கும் குடும்பத்துக்கே இது சாதகம் என்ற குறையும் பழையது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-ல் முன்சேர்க்கையையே கைவிடுவதாக அறிவித்தன. 2011-ல் மீண்டும் கொண்டுவந்தன. பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு, ஒப்பிடும் வாய்ப்பே இதில் பறிபோகிறது.

மிச்சிகனில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2025-26 சேர்க்கையில்தான் அங்கே எர்லி டெசிஷன் வந்தது. வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்கு வருமானம் பார்த்துத் தரும் நிதியுதவி அங்கே கிடையாது. ஆண்டுச் செலவோ 75,000 டாலரைத் தாண்டும். உதவி போதவில்லை என்று விலக, உதவி என்ற ஒன்று இருந்தால்தானே முடியும்?

ஆம்ஹர்ஸ்ட், போடன், டார்ட்மத், பிரவுன் ஆகிய நான்கு கல்லூரிகளும் வேறு வகை. வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமல் தேர்வு செய்து, தேவைப்படும் உதவி முழுவதையும் தருகின்றன. அங்கே எர்லி டெசிஷனில் போவதில் அர்த்தம் உண்டு. ஆனால் அங்கே கப்பல் வடிவமைப்பில் இளநிலைப் பட்டம் இல்லை. டார்ட்மத்திலும் பிரவுனிலும் பொதுவான பொறியியல் படித்து, முதுநிலையில் கப்பலுக்கு வரலாம். அந்தச் சுற்றுவழி உனக்குச் சம்மதமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சம்மதமில்லை என்றால் இங்கே பார். களமசேரியில் 1971-ல் தொடங்கிய கொச்சிப் பல்கலைக்கழகம், இன்றைய குசாட், கப்பல் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பி.டெக் நடத்துகிறது. 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்தைக் கட்டிய கொச்சி கப்பல் கட்டும் தளமும் பக்கத்தில்தான். சென்னை ஐஐடியிலும் இந்தப் பாடம் உண்டு. ஐஐடிக்கான முதல் தேர்வான ஜேஇஇ மெயின் ஜனவரியில்தான் தொடங்கும், குசாட் நுழைவுத் தேர்வு அதற்கும் பின்னால். நவம்பரில் உன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ள எந்த அவசரமும் இல்லை.

மிச்சிகன் ஆசையை விட வேண்டாம். அங்கேயே ‘எர்லி ஆக்‌ஷன்’ என்ற முறையும் இருக்கிறது. அதே நவம்பர் 1, ஆனால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதில் போடு. நுழைவுத் தேர்வுகளுக்குப் படிப்பதை ஒரு நாளும் நிறுத்தாதே.

காலாண்டு விடுமுறையில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா. மெட்ரோவில் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கினால் நான் வந்து கூட்டிப் போகிறேன். கப்பல் துறை மாணவர்களிடம் பாடம், பயிற்சி, வேலை எல்லாவற்றையும் நீயே கேட்டுத் தெரிந்துகொள். ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை அப்பா ஒரு தாளில் எழுதி எடுத்து வரட்டும். அதை வைத்து மூவரும் பட்டியலை முடிவு செய்வோம்.

அன்புடன்,
சித்தப்பா