எடையும் காப்பும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றிச் செல்லும் சரக்குந்து ஓட்டுநருக்கு எடை என்பது ஏட்டில் எழுதும் எண் அன்று. ஏறும்போது எந்திரத்தின் முனகலாகவும், இறங்கும்போது தடையின் சூடாகவும் அவர் அதனை உணர்கிறார். சென்ற நூற்றாண்டில் மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறக்கிப் போடிக்குக் கொண்டுவந்ததும் இச்சரிவின் கட்டாயத்தால்தான். கவச ஊர்தியை வடிவமைப்போர்க்கும் இதே சிக்கல் உண்டு. அங்கே குறைக்க வேண்டிய சுமையே உயிரைக் காக்கும் சுவராகவும் இருக்கிறது.

ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியின் எடை 58.5 டன், மேம்படுத்தப்பட்ட மார்க் 1ஏ வகையோ 68 டன். இத்தகைய ஊர்தியைப் பாலங்கள் தாங்க வேண்டும்; சேறு விழுங்காமல் இருக்க வேண்டும். லடாக் போன்ற உயர்மலைப் பகுதிக்கென 25 டன் எடையுள்ள சொராவர் டாங்கி 2024இல் வெளிக்கொணரப்பட்டது. எடை குறைந்தால் கவசமும் மெலியுமே என்னும் கவலை எழுவது இயல்பு. அப்போது நினைவுக்கு வரும் உலோகம் டைட்டேனியம்.

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம், டைட்டேனியத்துக்கு 4.5 கிராம். அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த அதன் உலோகக்கலவை, எஃகுக்கு நிகரான காப்பை ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு எடையிலேயே தரவல்லது. ஆயினும் தகடு எஃகைவிடச் சற்றுத் தடிப்பாக அமையும். மேலும், குண்டு மோதும்போது எழும் வெப்பம் இவ்வுலோகத்தில் விரைந்து பரவுவதில்லை. ஓரிடத்திலேயே தேங்கும் அவ்வெப்பத்தால் தகட்டின் ஒரு துண்டு தக்கைபோலப் பெயர்ந்து உள்ளிருக்கும் வீரர்மீதே பாயக்கூடும். காப்பதற்கென வைத்த பொருளே படைக்கலமாகும் இந்நிலையை எடைக்கணக்கு காட்டாது.

மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும் கரிய கடல்மணலில் இல்மனைட்டு நிறைந்துள்ளது. அதனை உலோகமாக்குவதே அரும்பாடு. மணலைக் குளோரினுடன் வினைபுரியச் செய்து, கிடைக்கும் டெட்ராகுளோரைடை ஆர்கான் சூழலில் மெக்னீசியத்தால் ஒடுக்கினால், கடற்பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த உலோகம் கிடைக்கும். இது குரோல் முறை எனப்படும். பின்னர் வெற்றிடத்தில் உருக்க வேண்டும். பற்றவைக்கும் இடத்தில் காற்று தீண்டலாகாது. கடையும் கருவிகளோ விரைவில் மழுங்கும். விலை ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்?

ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தில் 2011இல் சவறையில் தொடங்கப்பெற்ற ஆலையின் ஆண்டுத்திறன் 500 டன். டாங்கி ஒன்றுக்குப் பத்து டன் வேண்டும் எனக் கொண்டால், சேதாரமே இல்லாவிடினும் ஐம்பது டாங்கிகளோடு அது தீர்ந்துவிடும். ஏவூர்திகளின் வாயுக்கலன்களுக்கு எதுவும் மிஞ்சாது.

ஆகவே முழு உடலையும் டைட்டேனியத்தால் வார்க்க எவரும் முனையவில்லை. அமெரிக்காவின் பிராட்லி ஊர்தியில் தளபதியின் தலைக்கு மேலுள்ள மூடியை மட்டும் இவ்வுலோகத்தால் அமைத்தனர். அர்ஜுனுக்கு, பல பொருள்களை அடுக்கிச் செய்த காஞ்சன் கூட்டுக்கவசமே ஏற்றதாயிற்று. குண்டைத் தாங்குவதைவிடச் சுமையைக் குறைப்பதே முதன்மையான இடத்தில் டைட்டேனியம் வென்றது: 2016இல் இந்தியா 145 எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தமிட்ட எம்777 பீரங்கி. அதே குழல்விட்டமுடைய பழைய எம்198 ஏழு டன் இருக்க, இது 4.2 டன்னே. சினூக் உலங்கூர்தி இதனைக் கீழே தொங்கவிட்டபடி, சாலையே இல்லாத மலைமுகட்டில் கொண்டுபோய் இறக்குகிறது.