காரணம் புலப்படாத நோவும் அசாதா வேதனீயமும்

இடுப்பில் தோன்றித் தொடை வழியாகப் பாதம்வரை இறங்கும் வலி நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தும் குறை ஏதும் புலப்படாதபோது, நோயுற்றவர் இருவகைச் சொற்களைக் கேட்க நேர்கிறது. "படத்தில் ஒன்றும் இல்லையே" என்பது ஒன்று. "எல்லாம் முன்வினை" என்பது மற்றொன்று. இவற்றைச் சொல்வது தகுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

உடலின் இயல்பு

இடுப்பு மூட்டின் நோய் முழங்காலில் வலியாகத் தோன்றலாம். கீழ்முதுகில் நரம்பின் வேர் அழுத்தப்பட்டால் கெண்டைக்காலும் பாதமும் நோகலாம். பிட்டத்தின் ஆழத்திலுள்ள தசை காரணமாயின் எக்ஸ்ரே அதனைக் காட்டாது. மாறாக, வலியே இல்லாதவர் பலருடைய ஸ்கேனிலும் முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கியிருப்பதுண்டு. வலி நெடுநாள் நீடிப்பின் நரம்பு மண்டலமே கூர்மையுற்று, சிறு தூண்டலையும் பெருநோவாக உணர்த்தும். ஆகவே, படத்தில் காணாமையால் வலி பொய்யென்று ஆகாது.

வினையின் இயல்பு

எண்வினைகளுள் மூன்றாவதாகிய வேதனீயம் சாதா, அசாதா என இருவகைப்படும். துன்ப நுகர்ச்சிக்கு அசாதாவின் உதயம் அகக்காரணம். உடற்கோளாறு முதலியன புறக்காரணம். புறக்காரணத்தை நீக்க முயல்வது அறத்திற்கு மாறன்று. மாறாயின், நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தை ஆசாரியர்கள் சேர்த்திருப்பரோ?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் அசாதா வேதனீயத்தின் ஊற்றுக்குக் காரணங்களாகத் துன்பம், சோகம், மனவெதும்பல், அழுகை, வதை, புலம்பல் ஆகியவற்றைக் கூறுகிறார். இவை தன்னிடத்தாயினும், பிறரிடத்தாயினும், இருவரிடத்தாயினும் தோற்றுவிக்கப்படின் வினை வந்து சேரும். இங்கு நாம் கருத்தூன்ற வேண்டும். நோயுற்றவரை "நடிக்கிறாய்" என்றோ, "உன் வினை" என்றோ இடித்துரைத்து அழச் செய்தால், சமநிலையோடு பொறுத்தவர் பழவினையை உதிர்க்கிறார்; இடித்துரைத்த நாமோ புதுவினையைக் கட்டிக்கொள்கிறோம். உயிர்களிடத்துக் காட்டும் இரக்கமோ சாதா வேதனீயத்திற்கு ஏதுவாகும்.

நோயுற்றவர் கடமை

வேதனையையே இடையறாது எண்ணி நைவது ஆர்த்த தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்று. மருந்துண்பது வேறு, மனம் நைவது வேறு. உடல் வேறு, உயிர் வேறு என்னும் தெளிவே இதற்கு மாற்று. தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து சாமாயிகம் செய்யலாம். அதன் உயிர் சமநிலையே, ஆசனம் துணை மட்டுமே. பொன்னூர்மலை ஏற இயலாதவர் அடிவாரத்தில் நின்றே குந்தகுந்தர் திருவடிகளை வணங்கலாம்.

நெடுநாள் படுத்தே கிடத்தல் பெரும்பாலும் வலியை மிகுவிக்கும். மருத்துவர் அறிவுரைப்படி சிறிது சிறிதாக நடத்தல் நன்று. சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போதல், தொடையிடுக்கு மரத்தல், கால் வலுவிழத்தல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவை காணின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும்.

இல்லத்தார் கடமை

வலி என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புவோம். குனிந்து செய்யும் பணிகளைப் பகிர்ந்துகொள்வோம். மருத்துவரிடம் துணையாகச் செல்வோம். ஔஷத தானம் முனிவர்க்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டிலேயே வலியோடு வாழும் தாய்க்கும் தமக்கைக்கும் உரியதே.