ஆச்சிக்கு குறைஞ்சது கொழுப்பா, தசையா?

பொங்கல் லீவுக்கு ஊருக்கு (குத்துக்கல்வலசை, தென்காசி பக்கத்துல) போனப்போ கவனிச்ச ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க ஆச்சிக்கு 67 வயசு. நாப்பது வருஷம் தரையில உட்கார்ந்து பீடி சுத்தினவங்க. இப்போ தரையில உட்கார்ந்தா எழுந்திரிக்க சுவரும் வேணும், என் தோளும் வேணும். ஒரே வருஷத்துல ரெண்டு தடவை விழுந்துட்டாங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டினப்போ "வெயிட்டை குறைங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆச்சி ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டாங்க. மூணு மாசத்துல நாலு கிலோ குறைஞ்சது. ஆனா நடை இன்னும் மோசமாச்சு. குறைஞ்சது கொழுப்பா, தசையா? அதை யாரும் அளக்கல.

வயசாகும்போது தசை குறைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1980-களின் கடைசியில் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர் அது. அதோடு உடல் பருமனும் சேர்ந்தால் சார்கோபீனிக் ஒபிசிட்டி. பிரச்சினை என்னன்னா, ஒல்லியா இருக்கிறவங்களுக்கு தசை குறைஞ்சா கண்ணுக்குத் தெரியும். குண்டா இருக்கிறவங்களுக்கு கொழுப்பு அதை மூடிடும். எடை மெஷின் ரெண்டையும் கூட்டி ஒரே நம்பரா காட்டும். சாப்பாட்டை மட்டும் குறைச்சா கொழுப்போட தசையும் சேர்ந்து போகும்.

பி.எம்.ஐ. இதுல எவ்வளவு ஏமாத்தும்னு பார்க்க ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2004-ல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! அதனால்தான் இந்தியர்களுக்கு பருமன் எல்லையை 30-க்கு பதிலா 25-ன்னு வச்சிருக்காங்க. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறது? 2022-ல் எஸ்பென், ஈஸோ என்ற இரண்டு ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு வரிசை கொடுத்தன. முதலில் சந்தேகம்: பி.எம்.ஐ. அல்லது இடுப்பு அதிகம், கூடவே விழுதல், பலவீனம் மாதிரி அறிகுறி. அடுத்து பலம். அதுக்கப்புறம்தான் மெஷின்.

பலத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கை வைக்காத நாற்காலி, கைகளை மார்பில் கட்டிக்கணும், ஐந்து தடவை எழுந்து உட்காரணும். ஆசிய நிபுணர் குழுவின் 2019 அளவுப்படி 12 வினாடி அல்லது அதுக்கு மேல ஆனா உடல் செயல்திறன் குறைவு. ஆச்சிக்கு 19 வினாடி. (பக்கத்துல ஆள் நிற்காம செய்ய வைக்காதீங்க.) கைப்பிடி பலம் பெண்களுக்கு 18 கிலோ, ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. பிசியோதெரபி படிக்கிற நண்பன் கருவி கொண்டு வந்தான். ஆச்சிக்கு 15. எங்க அம்மாவுக்கும் பார்த்தோம். 48 வயசுலயே 19. அது எனக்கு கொஞ்சம் பயமாத்தான் இருந்தது.

இனி நம்ம ஏரியா. டெக்ஸா ஸ்கேன் எக்ஸ்ரே வைத்து அளக்கும். பி.ஐ.ஏ. மெஷின் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் மிகச் சின்ன மின்சாரத்தை உடம்பில் அனுப்பும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர், கரண்ட் ஈஸியா போகும். கொழுப்பு தடுக்கும். முதல் வருஷம் படிச்ச அதே ஃபார்முலாதான்: தடை நீளத்துக்கு நேர் விகிதம், பரப்புக்கு எதிர் விகிதம். உயரத்தின் வர்க்கத்தை தடையால் வகுத்தால் தண்ணீர் உள்ள பகுதியின் கன அளவு தோராயமா வரும். அப்போ உடம்புல தண்ணி குறைஞ்சிருந்தா? தடை கூடும், மெஷின் கொழுப்பு அதிகம்னு சொல்லும். குற்றால அருவியில குளிச்சிட்டு, பார்டர் பரோட்டாவை முடிச்சிட்டு நேரா வந்து ஏறினா அந்த ரீடிங்கை நம்பாதீங்க. பாதம் மட்டும் வைக்கிற வீட்டு மெஷின் பெரும்பாலும் கால்களைத்தான் அளக்குது. பேஸ்மேக்கர் வச்சவங்க பி.ஐ.ஏ.-வில் ஏறவே கூடாது.

கடைசியா ஒரு நுணுக்கம், எனக்கு புரிய ரெண்டு நாள் ஆச்சு. 155 செ.மீ. உயரமுள்ள இரண்டு பெண்கள். இருவருக்கும் கை கால் தசை 14.2 கிலோ. ஆசியக் குழு மாதிரி உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 5.9. பி.ஐ.ஏ. எல்லை 5.7, ரெண்டு பேருமே பாஸ். ஆனால் ஒருவர் 52 கிலோ, இன்னொருவர் 72 கிலோ. எடையால் வகுத்தால் 27 சதவீதம், 20 சதவீதம். ஒரே டி.வி.எஸ். எக்ஸெல்தான், ஒண்ணுல மட்டும் வாழைத்தார் ஏத்தியிருக்கு. அதனால்தான் 2022 வரிசையில் எடையால் வகுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் ஆச்சியை திருநெல்வேலிக்கு கூட்டிட்டுப் போறேன். ராத்திரி சாப்பாடு திரும்ப ஆரம்பிச்சாச்சு, கூட ஒரு முட்டை. நேத்து போன்ல ஒரே கேள்வி: "ஏலே, அந்த மெஷின்ல ஷாக் அடிக்குமால?"

அடிக்காது ஆச்சி. அவ்வளவு சின்ன கரண்ட், தெரியவே தெரியாது.