இணையம் இல்லாமலே கோப்பு போகும்

அன்புள்ள தம்பிக்கு,

மதுரைத் திட்டத்தின் நூல்களைக் கணினியில் இறக்கி வைத்திருக்கிறேன், மேலூர் பஸ்ஸில் படிக்கப் போனுக்கு மாற்றுவது எப்படி என்று கேட்டிருந்தாய். 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை திருத்திச் சேர்த்த நூல்கள் அவை.

இப்போது அவற்றை வாட்ஸ்அப்பில் உனக்கே அனுப்பிக்கொள்கிறாய். அப்படி அனுப்பும் கோப்பு எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய்த்தான் உன் போனுக்கு வருகிறது. மேலமாசி வீதியிலிருந்து வடக்குமாசி வீதிக்குத் திருமங்கலம் சுற்றிப் போவானேன்? கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால், வீட்டு ரவுட்டரே கோப்பைக் கைமாற்றிவிடும். இணைய இணைப்பு அறுந்து கிடந்தாலும் இந்த வேலை நடக்கும்.

இதற்கு லோக்கல்செண்ட் என்ற இலவசச் செயலியை இரண்டிலும் நிறுவிக்கொள். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். கணக்குத் தொடங்க வேண்டாம். இரண்டிலும் திறந்து வை. போனுக்கு ஏதாவது ஒரு பழத்தின் பெயரை அதுவே சூட்டியிருக்கும். கணினியில் அனுப்பும் பக்கத்துக்குப் போய்க் கோப்பைத் தேர்ந்தெடுத்தால், கீழே அந்தப் பழப்பெயர் தெரியும். அதைத் தொடு. போன் சம்மதம் கேட்கும். கொடுத்தவுடன் கோப்பு வந்து இறங்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் டவுன்லோட் ஃபோல்டரில் தேடு.

பெயர் தெரியாவிட்டால் பதறாதே. பெரும்பாலும் கணினி, போன் இரண்டில் ஒன்று வீட்டு வைஃபையிலும் மற்றது விருந்தினர் வைஃபையிலும் இருக்கும். இல்லையென்றால் விண்டோஸ் உன் வீட்டு வைஃபையைப் பொது இடத்து வைஃபையாக எண்ணி, ஃபயர்வாலால் தடுத்திருக்கும். அமைப்பில் அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்று. ரவுட்டரே இல்லாத இடத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கணினியை அதில் சேர்த்துக்கொள். ஆண்ட்ராய்டு போன் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தாலும் கோப்பு போகும்.

பெரியார் பஸ் நிலையம் போன்ற பொது இடங்களில், யாரென்று தெரியாதவர் அனுப்புவதற்குச் சம்மதம் கொடுக்காதே. வேலை முடிந்ததும் செயலியை மூடிவிடு.

வழி தெரிந்துவிட்டதல்லவா, இனி நூல்களை உன்னோடு நிறுத்திக்கொள்ளாதே. முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் கொடுக்கலாம் என்று மதுரைத் திட்டமே அனுமதித்திருக்கிறது. பக்கத்து இருக்கை நண்பனின் போனுக்கும் இன்றே ஒரு நூலை அனுப்பிவை.

அன்புடன்,
அண்ணன்