கிளைகளும் பேசும்: நரம்புச் செல்லின் இன்னொரு வழி

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் திருவெள்ளறை இருக்கிறது. அங்குள்ள பழைய கிணற்றைப் பார்த்திருக்கிறீர்களா? பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் கம்பன் அரையன் என்பவர் அமைத்தது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று கல்வெட்டு கூறுகிறது. சுவஸ்திக வடிவில் நான்கு படி வழிகள். ஒரு துறையில் குளிப்பவருக்கு மறு துறையில் இருப்பவர் தெரியமாட்டார். வெறுங்குடத்துடன் இறங்கும் அதே படியில்தான் நிறைகுடத்துடன் ஏறவும் வேண்டும்.

இந்தப் படிகளை நினைவில் வைத்துக்கொண்டு, உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள நியூரான் படத்தைப் பாருங்கள். டெண்ட்ரைட் எனும் கிளைகள் வழியாகச் செய்தி செல் உடலுக்குள் வருகிறது; ஆக்சான் எனும் நீண்ட இழை வழியாக வெளியே போகிறது. ஆக்சானின் முனையில் உள்ள நுண்பைகளிலிருந்து ஒரு வேதிப்பொருள் கசிந்து அடுத்த செல்லைத் தூண்டுகிறது. ஒருவழிப் பாதை! ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால் வகுத்த இக்கருத்து பெரும்பாலும் சரியே. ஆனால் டோபமைன் நியூரான்கள் இதற்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை.

டோபமைன் என்றதும் ஏதோ தொலைவிலுள்ள பொருள் என்று எண்ண வேண்டாம். திருச்சிப் பக்கத்து வாழைக்காயிலேயே அது உண்டு. நறுக்கிய காய் காற்றுப் பட்டுக் கறுப்பதற்கு அதிலுள்ள டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைவது முக்கியக் காரணம். நம் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு கருநிறப் பகுதி இருக்கிறது. அந்தக் கறுப்பும் டோபமைனிலிருந்து உண்டாகும் நிறமிதான். அங்குள்ள நியூரான்கள் தம் ஆக்சான்களை ஸ்ட்ரையேட்டம் என்ற வேறொரு பகுதிக்கு நீட்டி, நம் அசைவுகளை ஒழுங்குபடுத்துகின்றன.

1975-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், டோபமைனை ஒளிரச் செய்யும் முறையால், அது டெண்ட்ரைட்டுகளிலும் நிறைந்திருப்பதைக் கண்டனர். மறு ஆண்டு, எலியின் நைக்ராவை மெல்லிய சீவல்களாக்கிப் பொட்டாசியம் மிகுந்த கரைசலால் தூண்டியபோது டோபமைன் வெளிப்பட்டது. இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? டோபமைன் ஆக்சான்களின் முனைகள் இருப்பது தொலைவிலுள்ள ஸ்ட்ரையேட்டத்தில். நைக்ராவில் இருப்பவை செல் உடல்களும் கிளைகளுமே. ஆகவே அவையே அதை வெளியிட்டிருக்க வேண்டும்.

இயற்பியல் மாணவர்களுக்கு உவப்பான செய்தி ஒன்று. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய கார்பன் இழையை மின்முனையாக்கி மூளைச் சீவலில் செருகி, தக்க மின்னழுத்தம் கொடுத்தால், வாழைக்காயில் நடந்த அதே ஆக்சிஜனேற்றம் இழையின் பரப்பில் நடக்கிறது. ஒவ்வொரு டோபமைன் மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரான்களை இழக்கிறது. அந்த மின்னோட்டத்தை அளந்தால் மூலக்கூறுகளை எண்ணியதற்குச் சமம்.

கிளைகள் டோபமைனை வெளியிடுவதற்கும் கால்சியம் அயனிகள் வேண்டும். ஆனால் ஆக்சான் முனை அடங்கிவிடும் அளவுக்கு வெளிக் கால்சியத்தைக் குறைத்தாலும் கிளைகள் ஓரளவு வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. வெளிவந்த டோபமைன் எங்கே போகிறது? கொஞ்ச தூரம் விரவி, பக்கத்துச் செல்லின் மீதும், வெளியிட்ட செல்லின் மீதுமே உள்ள ‘டி2’ ஏற்பிகளைத் தொடுகிறது. உடனே பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. நேர்மின் அயனிகள் வெளியேற, செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைகிறது, துடிப்பு தணிகிறது. வயற்காட்டு டீசல் எஞ்சினின் கவர்னரைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடினால் அதுவே எண்ணெயைக் குறைக்கும். இதுவும் அப்படித்தான். ஆக்சான் தொலைவிலுள்ளவருக்குக் கடிதம் எழுதுகிறது. கிளைகள் வீட்டுக்குள்ளேயே ‘மெதுவாகப் போ’ என்கின்றன.

இச்செல்கள் அழிந்துபோவதே பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். டோபமைனையே கொடுத்தால் என்ன? இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது புக முடியாது. எனவே வாழைக்காய் தின்று பயனில்லை. அதன் முன்னோடியான லெவோடோபா புகும். இந்த லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் கூடத்தில் பிரித்தெடுத்தனர். அது மூளைக்கு மருந்தாகும் என்று அன்று எவரும் நினைக்கவில்லை. 1957-இல் சுவீடனின் கார்ல்சன், சர்ப்பகந்தியிலிருந்து கிடைக்கும் ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களை டோபா கொடுத்து எழுப்பினார். 2000-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

லெவோடோபா ஆக்சான் முனைகளுக்கு மட்டும் சேருவதில்லை. கிளைகளிலுள்ள நுண்பைகளையும் நிரப்புகிறது, கவர்னரும் வலுக்கிறது. மருந்தின் அளவை மருத்துவர் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்ப்பது நோயாளிக்கு நோயாளி அளவு மாறுவதால்தான். வீட்டில் பூனைக்காலி விதையை இடித்துக் கொடுப்போர் உண்டு. எந்த விதையில் எவ்வளவு லெவோடோபா என்பது செடிக்குச் செடி மாறும்.