ரோஜாக் குச்சி தளிர்த்தால் மட்டும் போதாது

ஊன்றிய ரோஜாக் குச்சி பத்து நாளில் தளிர் விடுகிறது. இருபதாம் நாள் தளிர் துவண்டு, குச்சியும் கருகிவிடுகிறது. வீட்டில் ரோஜா வளர்ப்போர் பலரும் சொல்லும் குறை இது. தாய் வீட்டை விற்கும் முன் அங்குள்ள பன்னீர் ரோஜாவின் கன்று ஒன்றையாவது கொண்டுவர முயன்ற ஓர் அம்மையார், மூன்று முறை நட்டும் இப்படியே போயிற்று என்று பயிற்சி முகாம் ஒன்றில் வருத்தத்துடன் கூறினார். விசாரித்ததில், தளிரைக் கண்டதுமே தொட்டியை வெயிலுக்கு மாற்றித் தொழு உரமும் இட்டிருக்கிறார்.

தளிர் வேறு, வேர் வேறு. கணுவில் உறங்கும் மொட்டு, தண்டில் சேர்ந்துள்ள மாவுச்சத்தையும் நீரையும் கொண்டே விரிந்துவிடும். அதற்கு வேர் தேவையில்லை. அடியிலோ, முதலில் வெட்டுவாய் ஆறி வெளிறிய திசு திரள வேண்டும். பின்னரே வேர் புறப்படும். இதற்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை இலைகள் நீரை இழந்துகொண்டே இருக்கும். ஈடு செய்ய வேர் இராது. ஆகவே நிழலும் காற்றின் ஈரப்பதமும்தான் குச்சியைக் காப்பவை. உரம் இந்நிலையில் அழுகலையே வரவழைக்கும்.

எல்லா ரோஜாவும் குச்சியில் எளிதாக வருவதில்லை. பன்னீர் ரோஜா, எட்வர்டு, ஆந்திர சிவப்பு, கொடி ரோஜா ஆகியவை நன்கு வேர் விடும். ஹைபிரிட் டீ வகைகளில் பல, குறிப்பாக மஞ்சள் நிறத்தவை, வேர் விடத் தயங்கும். அவற்றுக்கு மொட்டுக் கட்டுதலே ஏற்றது. கடையில் வாங்கிய ஒட்டுச் செடியாயின், ஒட்டுக்கு மேலுள்ள கிளையில்தான் குச்சி எடுக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளம்புவது வேர்ச்செடியின் போத்து. அதை நட்டால் வேறு பூதான் கிடைக்கும்.

சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கவாத்து செய்யும் காலமே ஏற்றது. வெட்டி எறியும் கிளைகளே போதும். சித்திரை வெயிலில் முயல வேண்டாம். பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கிளையைக் காலையில் வெட்டவும். முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் சட்டென ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் கிளை இளசு. நுனியிலிருந்து கருகிவரும் செடியில் குச்சி எடுக்கலாகாது.

15 முதல் 20 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி நறுக்க வேண்டும். அடி வெட்டு கணுவை ஒட்டி அதன் கீழே சாய்வாகவும், மேல் வெட்டு மொட்டுக்கு ஒரு செ.மீ. மேலேயும் அமைய வேண்டும். மழுங்கிய கத்திரி தண்டை நசுக்கும். கூரிய கத்தியே நலம். உச்சியில் ஓர் இலையை மட்டும் பாதியாக வெட்டி விட்டு, மற்றவற்றை நீக்கவும். மேல் வெட்டில் பசுஞ்சாணி வைக்கும் பழைய வழக்கம் ஈரம் காக்க உதவும். அடி வெட்டில் சாணி கூடாது. வேர் ஊக்கித் தூள் கிடைத்தால் அடியை அதில் தொட்டு, அதிகத் தூளைத் தட்டிவிடவும். உருளைக்கிழங்கில் குத்தி நடுவதை இப்போது கைப்பேசிப் படங்களில் காட்டுகிறார்கள். நம் வெப்பத்தில் கிழங்கு அழுகும், கூடவே குச்சியும் அழுகும். அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடியில் துளையுள்ள தொட்டியில் கழுவிய மணலையோ, மணலுடன் சம அளவு மக்கிய தென்னை நார்க்கழிவையோ நிரப்பவும். குச்சியால் முதலில் குழி செய்து, இரு கணுக்கள் உள்ளே இருக்குமாறு ஊன்றி, சுற்றிலும் அழுத்தவும். அடி வெட்டிய தெளிவான பிளாஸ்டிக் புட்டியை மேலே கவிழ்த்து, வெளிச்சமுள்ள நிழலில் வைக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் புட்டிக்குள் குச்சி வெந்துவிடும். மணல் ஈரமாக இருந்தால் போதும், நீர் தேங்கலாகாது. தேவையைப் போல் இரு மடங்கு குச்சிகள் ஊன்றுவது நல்லது. பத்தில் ஆறு பிழைத்தாலே நல்ல பலன் என்பேன்.

வேர் வந்ததா என்று குச்சியைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது அறுந்த இளவேர் திரும்ப ஒட்டாது. ஆறு வாரம் கழிந்து, முதல் தளிர் முற்றி இரண்டாம் தளிரும் வாடாமல் நின்றால் வேர் பிடித்ததாகக் கொள்ளலாம். தொட்டித் துளையில் வெண்வேர் எட்டிப் பார்த்தால் ஐயமே இல்லை. பிறகு புட்டியை முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என ஒரு வாரத்தில் படிப்படியாக விலக்கவும். இதன்பின் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவு கலந்த தொட்டிக்கு வேர்மண் உதிராமல் மாற்றி, காலை வெயிலிலிருந்து தொடங்கிப் பழக்க வேண்டும்.

அந்த அம்மையார் ஐப்பசியில் பன்னிரண்டு குச்சிகள் ஊன்றினார், ஐந்து நின்றன. முதல் மொட்டைக் கிள்ளிவிடச் சொன்னேன், மனம் வரவில்லை என்றார். கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும், செடி விரைவில் வலுக்கும். ஐந்தில் நான்கிலாவது அதைச் செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.